எந்த செல்பேசி எண்ணைத் தட்டினாலும் 2147483647 பதிவாவது ஏன்?

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடைக்கு மகன் பில் போடும் மென்பொருள் எழுதித் தந்தான். தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல். வாடிக்கையாளர் செல்பேசி எண் எதைத் தட்டினாலும் 2147483647 என்றே பதிவாகிறது. வைரஸா? அந்த எண் யாருடையது?

பதில்: வைரஸ் இல்லை. செல்பேசி எண்ணுக்கான நெடுவரிசையை உங்கள் மகன் 'இன்ட்' என்ற முழு எண் வகையில் அமைத்திருக்கிறார். அந்த வகைக்கு 32 பிட் (0 அல்லது 1 கொள்ளும் கட்டம்) இடம்தான். அதில் ஒன்று கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போக, மிச்சம் 31. அதில் அடங்கும் மிகப் பெரிய எண், இரண்டின் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு: 214,74,83,647. நம் நாட்டுச் செல்பேசி எண்கள் 6 முதல் 9 வரையான இலக்கங்களில் தொடங்குபவை, அதாவது 600 கோடிக்கு மேல். ஒன்றுகூட அதில் அடங்காது. அடங்காத தரவை ஏற்க மறுக்கும் 'ஸ்ட்ரிக்ட் மோட்' என்ற அமைப்பு அணைந்திருந்தால் மைஎஸ்க்யூஎல் பிழை காட்டி நிறுத்தாமல் உச்ச எண்ணை எழுதிவிடும். 5.7 பதிப்பிலிருந்து அந்த மோட் இயல்பாகவே இயங்கும். உங்களுடையது பழைய பதிப்பாக இருக்கலாம், அல்லது யாரோ அணைத்திருக்கலாம்.

முதலில் முழுத் தரவையும் பேக்கப் எடுங்கள். பிறகு அந்த நெடுவரிசையை 20 எழுத்து கொள்ளும் 'வார்கேர்' வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். இன்னும் பெரிய முழு எண் கொள்ளும் 'பிக்இன்ட்' போதுமே என்பார்கள். எண் அடங்கும், ஆனால் முன்னால் வரும் பூஜ்யமும் + குறியும் காணாமல் போகும். செல்பேசி எண்ணை யாரும் கூட்டிப் பெருக்கப் போவதில்லை. அது எழுத்தாக இருப்பதே முறை. ஏற்கெனவே இப்படிப் பதிவான எண்களை அந்த அட்டவணையிலிருந்து மீட்க முடியாது. பில் நகலிலிருந்தோ வாடிக்கையாளரிடம் கேட்டோதான் நிரப்ப வேண்டும். அதுவரை அவற்றை வெற்றாக்கி வையுங்கள், குறுஞ்செய்தி எங்கோ போய்ச் சேரக்கூடாது.

யாருடைய எண் என்று கேட்டீர்கள். கணிதத்தில் அது 18-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லருக்கு உரியது என்பேன். அது ஒரு பகா எண் என்று நிறுவியவர் அவர். 1772 வாக்கில் ஒரு கடிதத்தில் அதை அறிவித்தார்; அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. இதன் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டும். அதுவரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் கிட்டத்தட்ட 4,800 வகுத்தல். ஆய்லர் கண்ட வழி அழகானது: இதை வகுக்கும் பகா எண் ஏதேனும் இருந்தால், அதை 62-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும், 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்களை மட்டும் சோதித்தால் போதும். அவற்றிலும் பகா எண்கள் நூற்றுக்கும் குறைவு. எதுவும் வகுக்கவில்லை. இதையே இரண்டின் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 வரும். தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகள் எல்லாவற்றையும் கூட்டினால் தானே கிடைக்கும் நிறைவெண் அது.

மகனிடம் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பில் தேதி 'டைம்ஸ்டாம்ப்' வகையில் இருந்தால், 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை எண்ணிக்கொண்டு அதுவும் இதே எண்ணில் முட்டி நிற்கும். நம் நேரப்படி 2038 ஜனவரி 19, காலை 8:44:07. இப்போதே 'டேட்டைம்' வகைக்கு மாற்றிவிடலாம்.