நான்காம் வகுப்புக்குத் தொல்லியல் கிட் வாங்க வேண்டுமா?

கேள்வி: டில்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். மகள் நான்காம் வகுப்பு. உலக வரைபடமும் தொல்லியலும் சேர்த்து ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். பள்ளி மூலமாக வந்த ஒருவர், ‘தோண்டிப் பார்’ கிட், வார இறுதிப் பயிற்சி, சான்றிதழ் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் கேட்கிறார். சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவாளோ?

பதில்: மாட்டாள் அம்மா. பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தக் கிட்களில் பலவற்றில் இருப்பது பிளாஸ்டர் கட்டிக்குள் புதைத்த டைனோசர் பொம்மை. டைனோசர்கள் அழிந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தொல்லியல், மனிதர்கள் விட்டுப்போனதைத் தேடும் துறை. முதல் பாடமே தப்பு, அதற்குச் சான்றிதழ் வேறு! அந்தக் காகிதத்தை எந்தப் பள்ளியும் மதிப்பெண்ணாக எண்ணாது. பள்ளி மூலமாக வந்தார் என்பதால் யாரோ சரிபார்த்தார்கள் என்றும் நினைக்காதீர்கள். பள்ளிகள் ப்ராஜெக்ட்டை அம்மாக்கள் தலையில் கட்டுகின்றன, அந்த அம்மாக்களைத் தேடித்தான் இந்த ஆட்கள் வருகிறார்கள்.

இன்னும் மோசம், ‘நிஜ முகலாயர் காசு’ தருகிறேன் என்பவர். பெரும்பாலும் போலி. நிஜமாகவே 100 ஆண்டு கடந்த பழம்பொருள் என்றால், உரிமம் இல்லாமல் அந்த வியாபாரம் செய்ய 1972ஆம் ஆண்டுச் சட்டம் விடாது.

சரி, என்ன செய்யலாம்? அஞ்சறைப் பெட்டியிலிருந்து நாலு மிளகை எடுங்கள். எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய துறைமுகத்தில், சுமார் 2,000 ஆண்டுக்கு முந்தைய இந்தியச் சாடியில் 7 கிலோவுக்கு மேல் கருமிளகு கிடைத்தது. உலக உருண்டையில் கேரளத்திலிருந்து அங்கே அவளே விரலால் போகட்டும். எகிப்திலிருந்து கப்பல்களை இங்கே தள்ளியது நம் ஆடிக் காற்று, திருப்பி அனுப்பியது மார்கழி வாடை. புவியியலும் தொல்லியலும் ஒரே கதையில் வந்துவிட்டன. சுவர் வரைபடம் அப்புறம் போதும். அதில் பலவற்றில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது.

அடுத்து, காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணல், செம்மண், தொட்டி மண் என்று அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை வையுங்கள். கீழே இருப்பது பழசு. இதற்கு ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் காட்டுங்கள். கண்ணாடி ஓரமாகக் கரண்டியால் குழி தோண்டி, அடி மணலில் புதுக் காசு ஒன்றைப் போட்டு மூடுங்கள். இப்போது காசு அடியில் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் புதுசு! குழிக்குள் மட்டும் மண் கலங்கியிருப்பது வெளியிலிருந்தே தெரியும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கிணறு, குப்பைக்குழி, எலி வளை எல்லாம் இந்த வேலையைச் செய்யும். அகழாய்வுக் களத்தில் எங்களைப் போன்ற தொல்லியல்காரர்களுக்குள் வரும் சண்டைகளில் பல இந்தக் குழிகளால்தான். அதனால் தோண்டும்போது பொருளை உடனே பிடுங்காமல், எங்கே கிடந்தது என்று முதலில் அவள் வரைந்து வைக்கட்டும்.

தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனால் ஹரப்பா கூடம் மட்டும் பாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை. மொகஞ்சதாரோவில் கிடைத்த ‘நடனப் பெண்’ வெண்கலச் சிலை சுமார் 10 சென்டிமீட்டர்தான் என்று முன்பே சொல்லி வையுங்கள். விளக்கப் பலகைகளைக் குழந்தையின் கண் உயரத்தில் வைக்க இன்னும் யாருக்கும் மனம் வரவில்லை, நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும். பழைய கோட்டையான புராணா கிலாவுக்கும் போகலாம், அங்கே 15 வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை.

பள்ளியில் அந்த பாட்டிலையும் அவள் வரைந்ததையுமே கொடுத்துவிடுங்கள். அந்த ஆளுக்கு முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், பள்ளி முதல்வருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்துத் திரும்பக் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் புலம்புவதால் பைசா வராது.