இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் அமைதி காக்கும் பணிக்குப் பொருத்தமானவர்களா? என் சித்தப்பா இந்த வருடம் ஓய்வு பெறுகிறார், விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக விண்ணப்பிக்கட்டும். ஆனால் எந்த வேலைக்கு என்று பார்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

நான் மட்டக்களப்பு. இலங்கை அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2002 பெப்ரவரியில் செய்த போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த கண்காணிப்புக் குழுவில் கொஞ்சக் காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து என்று ஐந்து நாட்டுக்காரர்கள். ஒருவரிடமும் ஆயுதம் கிடையாது. முதல் தலைவர் துரோண்ட் ஃபுருஹோவ்டெ, நோர்வேயின் ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரல். அதற்கு முன் தென் லெபனானில் ஐ.நா. படைத் தளபதி. 2006இல் தலைவராக வந்த உல்ஃப் ஹென்ரிக்சன் பொஸ்னியாவில் நோர்டிக் பட்டாலியனை நடத்திய சுவீடன்காரர். மட்டக்களப்பு, அம்பாறை அலுவலகங்களிலும் இப்படிப் படையில், பொலிஸில் இருந்து வந்தவர்கள் இருந்தார்கள்.

அப்போது வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை அரசாங்கத்திடம், அந்தப் பக்கம் படுவான்கரை புலிகள் இயக்கத்திடம். நான் கூடப் போன அதிகாரி வவுணதீவுச் சோதனைச்சாவடியில் வாகனத்தை விட்டு உடனே இறங்கமாட்டார். காவலில் நிற்கும் பொடியனின் கையையும் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்ப்பார். இவன் இரவு தூங்கவில்லை, பயந்திருக்கிறான், மெதுவாகப் பேசு என்பார். அந்தப் பக்கம் போனாலும் அதே நிதானம்தான். துப்பாக்கியோடு நிற்பவன் எப்போது பதறுவான் என்று அவருக்குத் தெரியும். சிவில் நிறுவனங்களில் இருந்து வந்த எத்தனையோ நல்ல மனிதர்களுக்கு அது தெரியாது.

முறைப்பாடு கேட்கும் விதமும் அப்படித்தான். பிள்ளையை இயக்கம் கொண்டுபோய்விட்டது என்று தாய்மார் வருவார்கள். எத்தனை மணி, எத்தனை பேர் வந்தார்கள், நீங்கள் கண்ணால் கண்டீர்களா, யாரும் சொன்னார்களா என்று கேட்பார். அப்புறம் அதையே முன்பின்னாக மாற்றித் திரும்பவும் கேட்பார். அழுகிற தாயிடம் அதைத் தமிழில் கேட்க எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அப்படி எழுதிய அறிக்கையைக் கொக்கட்டிச்சோலையில் இயக்கத்தின் ஆட்கள் முன்னால் வைத்தபோது, அது பொய் என்று சொல்லிக் கையைக் கழுவ அவர்களால் முடியவில்லை.

சரி, பிள்ளை வந்ததா? அநேகமாக இல்லை. 2007 வரை அந்தக் குழு புலிகள் மீது 3,800க்கும் மேல், அரச படைகள் மீது 350 அளவில் மீறல்களை உறுதிப்படுத்தியது. அதில் ஆகப் பெரிய பகுதி சிறுவர்களைச் சேர்த்ததுதான். “என்ட புள்ளைய எப்ப கொண்டு வந்து தருவாங்க எண்டு கேளு மனே” என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எழுதி வைக்கும் அதிகாரம் மட்டும்தான் அவர்களுக்கு இருந்தது. கொண்டு வந்து தரும் அதிகாரம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்த பிறகு 2006இல் அந்த ஒன்றியத்தில் இருந்த சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டுக்காரர்கள் வெளியேறினார்கள். 2008 ஜனவரியில் ஒப்பந்தமே முடிந்தது. எந்த ஜெனரல் தலைமை தாங்கியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். பெண்கள் சில விஷயங்களை அந்த ஆண் அதிகாரிகளிடம் வாய் திறந்து சொல்லவே மாட்டார்கள். பெண் ஒருவர் கூடப் போன நாளில்தான் பேச்சு வரும். சீருடைப் பழக்கம் ஒருவரை நல்லவராக்கிவிடாது என்பதும் உண்மை. ஹெய்ட்டியில் ஐ.நா. பணிக்குப் போன இலங்கைப் படையினர் 108 பேர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் 2007இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உங்கள் சித்தப்பா எப்படிப்பட்ட மனிதர் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இந்த அனுபவத்துக்கு முழுப் பலன் கிடைத்ததை நான் கண்டது கண்ணிவெடி அகற்றலில். இராணுவப் பொறியியல் பிரிவில் இருந்து வந்தவர்கள் எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் பையன்களுக்கும் கருவி பிடிக்கவும், பாதை குறிக்கவும், சாண் சாணாக மண்ணைக் கிளறவும் பழக்கினார்கள். அவசரப்படுகிறவரை அன்றைக்கே களத்தில் இருந்து வெளியே எடுத்துவிடுவார்கள். 2017இல் மட்டக்களப்பு கண்ணிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. படுவான்கரையில் இன்று பயமில்லாமல் மாடு மேய்க்கிறார்கள்.

ஆகவே பொறியியல் பிரிவில் இருந்தவர் என்றால் கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். போக்குவரத்து, வழங்கல் பிரிவு என்றால் நிவாரணப் பொருள் விநியோகம். சுனாமி நேரத்தில் கல்முனைப் பக்கம் அரிசி மூட்டையை விட அதைப் பிரித்து அனுப்பத் தெரிந்த ஆளுக்குத்தான் தட்டுப்பாடு. கண்காணிப்பு வேலைதான் வேண்டும் என்றால், எழுதுகிற அறிக்கை யார் கைக்குப் போகும், அவர்கள் என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள் என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.