பன்மொழிக் கையேடுகளை உருவாக்கும் மென்பொருளில் சொல்லடைவை (நூலின் கடைசியில் பக்க எண்களோடு வரும் சொற்பட்டியலை) வரிசைப்படுத்த என்னென்ன அமைப்புகள் தர வேண்டும்? எழுத்து வரிசையைப் பயனரே எழுதிக் கொடுக்க ஒரு பெட்டி வைத்தால் போதுமா?

அந்தப் பெட்டியை மட்டும் வைக்காதீர்கள். நான் வைத்துப் பார்த்துவிட்டேன்.

தமிழுக்கு அ முதல் ன வரை வரிசையாக இட்டேன். மரம், மனம் சரியாக வந்தன. (கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு தரத்தின் எண் வரிசையில் ந-வுக்கு அடுத்தே ன இருப்பதால் மனம் முந்திக்கொள்ளும், நெடுங்கணக்கில் ன கடைசி.) ஆனால் பக்கமும் பகலும் இடம் மாறியே நின்றன. அகராதியில் பக்கம்தான் முதலில், ஏனென்றால் க-வுக்கு முன்னால் க். கணினிக்கோ க் என்பது க, அதன்பின் ஒரு புள்ளி, ஆக இரண்டு குறிகள். எழுத்துகளை நகர்த்தி இதைத் தீர்க்க முடியாது. இரண்டையும் சேர்த்து ஒரே அலகாகப் பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு விதி எழுதினேன். அப்புறம் பார்த்தால், ஒகரக் குறியைச் சிலர் ஒரே குறியாகவும் சிலர் கொம்பு, கால் என இரண்டாகவும் உள்ளிட்டிருந்தார்கள். அதோடு பெட்டியைத் தூக்கிவிட்டேன்.

இதையெல்லாம் யூனிகோடின் வரிசையாக்க நெறியும், அதன்மேல் சிஎல்டிஆர் (CLDR) என்ற தரவுத் தொகுப்பு தரும் மொழிவாரி விதிகளும் ஏற்கெனவே கவனித்துக்கொள்கின்றன. அவற்றைச் செயல்படுத்தும் ஐசியு (ICU) என்ற நிரல் நூலகத்தை இணைத்து, பயனரிடம் மொழியையும் அதனுள் வகையையும் மட்டும் கேளுங்கள். வகை எதற்கு என்றால், ஜெர்மனில் அகராதி முறைப்படி ä என்பது a மாதிரி, தொலைபேசிப் புத்தக முறைப்படி ae மாதிரி. சீனத்தில் ஒலிப்புப்படியும் அடுக்கலாம், கோடுகளின் எண்ணிக்கைப்படியும் அடுக்கலாம். எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் ஆவணத்தின் மொழியையே எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது, என் கணக்கில் மொழித் தேர்வைவிட முக்கியமானது: ஒவ்வொரு பதிவுக்கும் தனி வரிசைச் சாவி, அதாவது அச்சாகாமல் வரிசைப்படுத்த மட்டும் பயன்படும் வடிவம். ஜப்பானியக் காஞ்சி (kanji) எழுத்தைப் பார்த்து அதன் வாசிப்பை மென்பொருளால் உறுதியாகச் சொல்ல முடியாது, எழுதியவர்தான் தர வேண்டும். சொல்லடைவு தயாரிக்கும் மேக்இன்டெக்ஸ் (MakeIndex) நிரலில் @ குறிக்கு முன்னால் வரிசைக்கான வடிவம், பின்னால் அச்சாகும் வடிவம் என்று வெகு காலமாக இருக்கிறது. கையேடுகள் எழுதப் பயன்படும் டாக்புக் (DocBook) வடிவத்திலும் இதற்கென ஒரு பண்பு உண்டு.

இடைவெளியை எண்ணுவதா என்பதற்கும் ஒரு தேர்வு வேண்டும். சொல் சொல்லாக அடுக்கினால் 'கோப்பு வகை' முதலில் வரும். எழுத்து எழுத்தாக அடுக்கினால் 'கோப்புகள்' முந்தும். இரண்டும் புழக்கத்தில் உள்ள முறைகள்தான். எண்களை மதிப்புப்படி பார்ப்பதும் (2-க்குப் பிறகு 10) இதே இடத்தில் ஒரு டிக் பெட்டியாக இருக்கட்டும்.

சொல்லடைவில் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே வரும் தலைப்பெழுத்துகளை வரிசையோடு பிணைக்காதீர்கள். கோப்பு என்ற சொல் க-வின் கீழா, கோ-வின் கீழா? சிறு கையேட்டுக்கு க போதும், பெரியதற்கு உயிர்மெய் வாரியாகப் பிரிப்பதே வசதி. இது அமைப்பாகத்தான் இருக்க வேண்டும், நீங்கள் முடிவு செய்யக் கூடாது.

கடைசியாக, இயங்குதளத்தின் லோக்கேலை (மொழி, வட்டார அமைப்பை) நம்ப வேண்டாம். லினக்ஸின் அடிப்படை நூலகமான கிளிப்சியின் (glibc) 2018-இல் வந்த 2.28 பதிப்பு வரிசை விதிகளை மாற்றியபோது பல தரவுத்தளங்களில் தேடலுக்கான சுட்டுப்பட்டியல்களையே (index) மறுபடி கட்ட வேண்டியிருந்தது. அமைப்புக் கோப்பிலேயே ஐசியு பதிப்பையும் குறித்து வைத்தால், உங்கள் கணினியிலும் என் கணினியிலும் ஒரே சொல்லடைவு வரும்.