போரில் இறந்துபோன ராணுவ வீரரை அவர் குடும்பம் எப்படி நினைவில் வைத்திருக்கும்?

கேள்வி கேட்டவர் வீட்டிலும் யூனிபார்ம் போட்ட ஒரு பழைய போட்டோ மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வி தோன்றாது. எங்கள் வீட்டுப் போட்டோவில் இருப்பது என் சித்தப்பா. 1965 பாகிஸ்தான் போரில் போனவர், வயது 22. நான் பிறந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து, அதனால் இதெல்லாம் கேட்டுத் தெரிந்ததுதான்.

ஊர் கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். நீலகிரியில் இருக்கிற வெலிங்டனில் டிரெயினிங் முடித்து மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தார். அவர் போடும் கடிதத்தில் 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்றுதான் விலாசம் இருக்கும். படை எங்கே நிற்கிறது என்று வெளியே தெரியாமல் இருக்க ராணுவத் தபாலுக்கு வைத்த பொது விலாசம் அது. அப்பத்தாவுக்கு அது ஒரு ஊர். ஈரோடு தாண்டி, சேலம் தாண்டி, வடக்கே எங்கேயோ அம்பத்தாறு என்று ஒரு ஊர். யார் விசாரித்தாலும் "எம் பையன் அம்பத்தாறுல இருக்கறானுங்" என்பாராம்.

செப்டம்பர் 23 அதிகாலையோடு சண்டை நின்றுவிட்டது. பஞ்சாயத்து ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து அப்பாரு, அதாவது தாத்தா, சொன்னதும் அப்பத்தா கச்சாயம் சுட்டு அக்கம்பக்கம் எல்லாம் கொடுத்திருக்கிறார். அந்தக் கச்சாயம் தீர்வதற்குள் தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் வாத்தியார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் படித்துவிட்டு, முதலில் குடிக்கத் தண்ணி கேட்டாராம்.

உடம்பு வரவில்லை. கார்கிலில் பார்த்த மாதிரி கொடி போர்த்திய பெட்டி ஊருக்கு வருவதெல்லாம் அப்போது வழக்கமில்லை, அங்கேயே எரித்துவிடுவார்கள். ரெண்டு மாசம் கழித்து ஒரு கருப்பு டிரங்குப் பெட்டிதான் ஈரோடு ஸ்டேஷனுக்கு வந்தது. அப்பாரு பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு கம்பளி ஸ்வெட்டர், சவர செட், முக்கால்வாசி தேய்ந்த ஒரு சோப்பு. சோப்பில் ஒரு முடி ஒட்டியிருந்ததாம். அந்தச் சோப்பை அப்பத்தா யாரையும் தொட விடவில்லை.

அடுத்த குழப்பம் திதி. தந்தியில் ஒரு தேதி, பின்னால் வந்த கடிதத்தில் வேறு தேதி. நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுக்கலாம் என்று ஐயர் சொன்னார். அன்றிலிருந்து வருஷா வருஷம் பவானி கூடுதுறைதான். அப்பாவுக்குப் பிறகு நான் போகிறேன்.

ராணுவத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். போர்முனையில் ஆயிரம் குழப்பம் இருக்கும். அப்பத்தா கண்மூடும் வரை பென்ஷன் மணியார்டர் ஒழுங்காக வந்தது. 'சம்பளத்துக்குத்தானே போனார்' என்று எழுதப்போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: ஆமாம், சம்பளத்துக்குத்தான் போனார். வீட்டில் கடன் இருந்தது. அதனால் என்ன?

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். என் அக்கா மகன் இப்போது ராணுவத்தில் இருக்கிறான், வயது 31, நாலு வருஷமாகப் பெண் பார்க்கிறோம். இந்தப் பக்கம் விவசாயம் பார்க்கிற பையனுக்கே பெண் கிடையாது, மிலிட்டரி என்றால் ஜாதகத்தைக்கூடப் பிரிக்காமல் திருப்பித் தருகிறார்கள். ஆகஸ்ட் 15 அன்று ஸ்டேட்டஸில் சல்யூட் வைத்த ஒருத்தர், "பையன் பெங்களூர்ல ஐ.டி.யா இருந்தா பார்க்கலாமுங்" என்று என்னிடமே சொன்னார். சரி, அதை விடுங்கள்.

டெல்லியில் 2019ல் திறந்த தேசியப் போர் நினைவகத்துக்கும் போய் வந்தோம். கருங்கல்லில் பொன்னிற எழுத்தில் கிட்டத்தட்ட 26,000 பெயர்கள். சித்தப்பா பெயரைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மகள் போட்டோ எடுத்தாள். உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை ஒன்றும் வரவில்லை, வெயில்தான் மண்டையைப் பிளந்தது.

அந்த டிரங்குப் பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. ரெண்டு தடவை பெயிண்ட் அடித்தாயிற்று, வெள்ளையில் எழுதிய அவர் பெயரையும் நம்பரையும் மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் அடித்தோம். காட்டுப் பத்திரம், பட்டா எல்லாம் அதற்குள்தான். எதையாவது காணோம் என்று யாராவது தேடினால், என் அம்மா இருந்த இடத்திலிருந்தே சொல்வார்: "அம்பத்தாறுல இருக்குது பாரு."