அசதயோபிரின் தொடங்கிய மூன்றாம் வாரம் முடி கொத்தாக உதிர்ந்தால்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. குரோன் என்ற குடல் அழற்சி நோய். ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே, நோயெதிர்ப்பை அடக்கும் அசதயோபிரின் மாத்திரை ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பே, மருந்து உடலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கும் டிபிஎம்டி (TPMT) மரபணு பரிசோதனை எடுத்து, நார்மல் என்று வந்தது. மூன்றாவது வாரம் முடி கொட்டத் தொடங்கியது. இப்போது தலையணை முழுக்க முடி, கையால் கோதினால் கொத்தாக வருகிறது. சத்துக் குறைவு, கவலை என்கிறார்கள் தெரிந்தவர்கள். மாத்திரையைத் தொடரலாமா? கல்லூரியில் படிக்கும் இவன் தங்கைக்கும் இந்த மருந்து ஒத்துக்கொள்ளாதா?

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே மாத்திரையைச் சாப்பிடும் மற்றவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அசதயோபிரின் ஆரம்பித்த சில வாரங்களுக்குள் முடி இப்படிக் கொத்தாக வந்தால், அன்றைக்கே சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை, எடுக்க வேண்டும். அடுத்த வேளை மாத்திரையைப் போடும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பெரும்பாலும் நிறுத்தத்தான் சொல்வார். சிபிசி அறிக்கையில் மொத்த வெள்ளையணு எண்ணிக்கையையும், அதற்குக் கீழே இருக்கும் நியூட்ரோஃபில் (கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணு வகை) அளவையும் பாருங்கள். வெள்ளையணு 4,000-க்குக் கீழே போயிருந்தால் கவனம் தேவை. நியூட்ரோஃபில் 1,000-க்குக் கீழே என்றால் அது ஆபத்தான நிலை. இந்த நேரத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது. நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், அசதயோபிரின் சாப்பிடுவதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

குடல் நோய்க்காரர்களுக்கு முடி கொட்டுவது புதிதல்ல என்பது உண்மைதான். இரும்புச்சத்துக் குறைவாலும், நோய் கடுமையாக இருந்து தணிந்த பிறகும் கொட்டும். ஆனால் அது இரண்டு மூன்று மாதம் கழித்து, மெல்ல மெல்ல வரும். மருந்து தொடங்கிய இரண்டாம், மூன்றாம் வாரத்திலேயே, இழுத்தால் வலியில்லாமல் கையோடு வரும் முடியைக் கவலையின் கணக்கில் எழுதிவிட முடியாது.

சரி, டிபிஎம்டி நார்மல் என்று வந்த பிறகும் ஏன் இப்படி?

அசதயோபிரின் உடலுக்குள் போய், மரபணு இழையைக் கட்டும் செங்கல்லைப் போன்ற ஒரு போலிச் செங்கல்லாக மாறுகிறது. வேகமாகப் பெருகும் வெள்ளையணுக்கள் அதை எடுத்துக் கட்டி, கட்டடம் சரிந்து மடிகின்றன. குடலைத் தாக்கும் அணுக்கள் குறைய வேண்டும் என்பதற்காகத்தானே மருந்தே கொடுக்கிறோம். அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள இரண்டு காவலர்கள் உண்டு. டிபிஎம்டி மரபணு உருவாக்கும் அதே பெயருள்ள நொதி, மருந்து செங்கல்லாகும் முன்பே ஒரு பகுதியை வேறு பக்கம் திருப்பிவிடும். நட்15 (NUDT15) என்ற இன்னொரு மரபணுவின் நொதி கடைசி வாசலில் நின்று, தயாராகிவிட்ட செங்கல்லைச் செயலிழக்க வைக்கும். இந்த இரண்டாவது காவலர் பிறவியிலேயே பலவீனமாக இருந்தால், சாதாரண அளவு மருந்தே மிதமிஞ்சிய அளவாகிவிடும். ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையும் முடியின் வேரும் ஓயாமல் பெருகும் இடங்கள் என்பதால் இரண்டும் ஒன்றாக அடிபடுகின்றன. மஜ்ஜைக்கு நடப்பது வெளியே தெரியாது. முடி தெரியும். அதனால்தான் முடி உதிர்வை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

பல ஆண்டுகளாக மருத்துவ உலகம் டிபிஎம்டியை மட்டுமே பார்த்தது, ஏனென்றால் ஆராய்ச்சி பெரும்பாலும் ஐரோப்பியர்களிடம் நடந்தது. ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கும். ஐரோப்பியர்களில் பத்தில் ஒருவருக்கு டிபிஎம்டியின் ஒரு பிரதியில் குறை உண்டு. கொரியாவில் அந்தக் குறை அதைவிடக் குறைவு. ஆனாலும் அங்கே இந்த மருந்தால் வெள்ளையணு குறைவது ஐரோப்பாவைவிட அதிகமாக இருந்தது. அந்தப் புதிரைத் துரத்திய கொரிய ஆய்வாளர்கள், குரோன் நோயாளிகள் 978 பேரின் மரபணுவை ஆராய்ந்து, நட்15-இல் உள்ள ஒரு மாற்றமே காரணம் என்று 2014-ல் கண்டுபிடித்தார்கள். கிழக்கு ஆசியாவில் இந்த மாற்றம் மிகப் பரவலானது. தெற்காசியர்களான நம்மிடமும் குறைவில்லை. சுமார் எட்டு பேரில் ஒருவருக்கு ஒரு பிரதியிலாவது இருக்கிறது. ஐரோப்பியர்களில் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். அப்படியென்றால் நமக்கு டிபிஎம்டியை மட்டும் பார்த்துவிட்டு மாத்திரை எழுதுவது பாதி வேலைதான். இது எனக்கு இன்றும் ஆதங்கம் தரும் விஷயம். 2018-லேயே சர்வதேச வழிகாட்டுதல் இரண்டின் முடிவையும் வைத்து மருந்தளவைத் தீர்மானிக்கும் வழியைச் சொல்லிவிட்டது.

உங்கள் மகனின் பழைய அறிக்கையை எடுத்துப் பாருங்கள், சில ஆய்வகங்கள் இரண்டையும் சேர்த்தே செய்கின்றன. நட்15 இல்லையென்றால் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். சிபிசிக்கு எடுக்கும் அதே ஊதா மூடிக் குழாய் ரத்தம் போதும். டிபிஎம்டியும் மரபணுவாகப் பார்த்ததா, நொதியின் அளவாகப் பார்த்ததா என்பதையும் கவனியுங்கள். ரத்தசோகைக்காக அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால், நொதி அளவு ரத்தம் கொடுத்தவருடையதையும் சேர்த்தே காட்டும்.

நட்15-இல் ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால், வழக்கமான அளவில் 30 முதல் 80 சதவீதத்தில் தொடங்கி, ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துச் செல்லலாம். இரண்டும் மாறியிருந்தால் குடல் நோய்க்கு இந்த மருந்தே வேண்டாம். மெர்காப்டோப்யூரினும் இதே குடும்பம், அதற்கு மாறினாலும் அதே கதைதான். மெத்தோட்ரெக்சேட், இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் என்று வேறு வழிகள் இருக்கின்றன. முடியைப் பற்றிப் பிள்ளை மனம் உடைந்திருப்பான். மருந்தை நிறுத்திய சில மாதங்களில் பொதுவாகத் திரும்ப வளர்ந்துவிடும் என்று அவனிடம் சொல்லுங்கள்.

இரண்டு மரபணுவும் நார்மல் என்று வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரான்சில் இந்த மருந்தால் மஜ்ஜை பாதித்த குரோன் நோயாளிகள் 41 பேரின் டிபிஎம்டியை ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார்கள். கால்வாசிப் பேருக்குத்தான் அதில் குறை இருந்தது. நட்15 மாற்றமோ ஐரோப்பியர்களிடம் அரிது. ஆகவே முதல் இரண்டு மாதம் அடிக்கடி, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிபிசி எடுப்பதை விடவே கூடாது. யூரிக் அமிலத்துக்கு அலோப்யூரினால் அல்லது ஃபெபுக்சோஸ்டாட் எழுதினால், அசதயோபிரின் சாப்பிடுவதைச் சொல்லியே ஆக வேண்டும். அவை இந்த மருந்தின் வீரியத்தைப் பல மடங்கு ஏற்றிவிடும். மாத்திரை தொடங்கிய முதல் மாதத்தில் மேல்வயிற்றில் கடும் வலி வந்து முதுகுக்குப் பரவினால், அது கணைய அழற்சியாக இருக்கலாம். அதற்குக் காரணமான மரபணு, நோயெதிர்ப்பு சம்பந்தமான எச்எல்ஏ பகுதியில், முற்றிலும் வேறு இடத்தில் இருக்கிறது. நட்15 அறிக்கை அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

இனி தங்கை விஷயம். மகனுக்கு இரண்டு பிரதிகளும் மாறியிருப்பது உறுதியானால், உங்களிடமிருந்து ஒன்று, அவன் அப்பாவிடமிருந்து ஒன்று வந்திருக்கிறது. தங்கைக்கும் இரண்டும் வந்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு, ஒன்று மட்டும் வந்திருக்க நான்கில் இரண்டு. இதனால் அவளுக்கு எந்த நோயும் வராது, இந்த மருந்துக் குடும்பத்தைச் சாப்பிடாதவரை இது இருப்பதே தெரியாது. அசதயோபிரினைச் சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பிறகும், லூபஸ் என்ற நோயெதிர்ப்புக் கோளாறுக்கும், தோல் நோய்களுக்கும் கொடுக்கிறார்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மெர்காப்டோப்யூரின் கொடுக்கிறார்கள். எனவே இப்போதே அவளுக்குச் சோதனை தேவையில்லை. அண்ணனின் அறிக்கையைப் படமெடுத்து அவள் கைபேசியில் வைத்திருக்கட்டும். நாளைக்கு எந்த மருத்துவராவது இந்தப் பெயர்களில் ஒன்றை எழுதினால், சீட்டை வாங்கும் முன் அதை எடுத்துக் காட்டட்டும்.