கர்ப்ப காலத்தில் தாய் உண்பது, பிள்ளையின் நாற்பது ஐம்பது வயது உடல்நலம் வரைக்கும் பாதிக்குமா?

பாதிக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே என்னுடைய கர்ப்ப காலப் பரிசோதனையில் தெரிந்துகொண்டேன். ஆறாம் மாதத்தில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். 140க்குள் இருக்க வேண்டிய சர்க்கரை எனக்கு 168 இருந்தது. கர்ப்பத்துக்கு முன் என் எடை 47 கிலோதான். "இவ்வளவு ஒல்லியாக இருக்கிறவளுக்கா சர்க்கரை?" என்று என் மாமியார் ஆய்வுக்கூடத்தின் மீதே சந்தேகப்பட்டார். மருத்துவரோ, "நீங்கள் பிறந்தபோது எடை எவ்வளவு?" என்று கேட்டார்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். இரண்டு கிலோ நூறு கிராமாம். வயிற்றில் பிள்ளை பெருத்துவிட்டால் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று, ஏழாம் மாதத்திலிருந்து அப்பத்தா அம்மாவின் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறார். அந்தத் தலைமுறையில் பல வீடுகளில் நடந்ததுதான் இது. கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, சுகப்பிரசவம் ஆக வேண்டுமே என்ற பயத்தில் செய்தது. என் சர்க்கரைக்கு அது ஒன்றே காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் மருத்துவர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதைத் தேடிப் படித்தபோது, நான் தொடங்க வேண்டியிருந்த இடம் நெதர்லாந்து.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944 நவம்பர் முதல் 1945 மே வரை, ஜெர்மானியப் படை விதித்த தடையால் அந்நாட்டின் மேற்குப் பகுதி பட்டினியில் விழுந்தது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பங்கீடு, மோசமான மாதங்களில் 400 முதல் 800 கலோரிதான். பஞ்சம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பது துல்லியமாகத் தெரிந்ததாலும், பிரசவப் பதிவேடுகள் அழியாமல் இருந்ததாலும், அப்போது கருவில் இருந்தவர்களைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தேடிப்பிடித்து ஆராய முடிந்தது. கடைசி மாதங்களில் பட்டினியில் சிக்கிய குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தார்கள் என்பதில் வியப்பில்லை. கருத்தரித்த தொடக்க மாதங்களில் பஞ்சம் இருந்து, பிறகு தாய்க்கு உணவு கிடைத்துவிட்ட குழந்தைகளோ சாதாரண எடையில் பிறந்தும், நடுவயதில் அவர்களிடம் இதயநோய் அதிகமாகக் காணப்பட்டது. பிறந்த எடை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நாம் நினைத்துக்கொள்வது இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

காரணம் ஓரளவு புரிந்துகொள்ளக் கூடியதே. உணவு போதாதபோது கரு மூளைக்கு முன்னுரிமை கொடுத்து, கணையம், சிறுநீரகம் போன்றவற்றுக்கான பங்கைக் குறைத்துக்கொள்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்ணலகுகள் எத்தனை என்பது பிறப்பதற்குள் முடிவாகிவிடுகிறது. பிறந்த பிறகு எவ்வளவு ஊட்டினாலும் அந்த எண்ணிக்கை கூடாது. பற்றாக்குறைக்கு ஏற்ப அமைந்த உடம்புக்குப் பின்னாளில் மூன்று வேளையும் சோறும் இனிப்பும் தாராளமாகக் கிடைத்தால், அதைச் சமாளிக்க அது திணறுகிறது.

நம் நாட்டு உடம்பைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது, மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் புனே அருகே ஆறு கிராமங்களில் 1993 முதல் நடத்திவரும் ஆய்வு. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, ஒப்பிட்டுப் பார்த்த இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் உள்ளுறுப்புகளும் குறைவாக இருந்தனவே தவிர, தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. ஒல்லியான உடம்புக்குள் கொழுப்பு என்ற இந்த அமைப்பைப் படித்தபோது, என் மாமியாரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று தோன்றியது. இன்னொன்றும் அந்த ஆய்வில் தெரிந்தது: தாய் மொத்தம் எத்தனை கலோரி சாப்பிட்டார் என்பதைவிட, கீரையும் பழமும் பாலும் எவ்வளவு அடிக்கடி சாப்பிட்டார் என்பதோடுதான் குழந்தையின் அளவு ஒத்துப்போனது. "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைக்கிறவர்கள், அதற்குப் பதிலாக முருங்கைக்கீரைப் பொரியலை இன்னொரு கரண்டி வைக்கலாம்.

சுத்த சைவமாக இருப்பவர்கள் பி12 வைட்டமின் அளவை மருத்துவரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். தாய்க்கு பி12 குறைந்தும், ஃபோலிக் அமில மாத்திரையில் கிடைக்கும் ஃபோலேட் சத்து மிகுந்தும் இருந்தபோது, குழந்தைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் சரிவர வேலை செய்யாத நிலை அதிகமாக இருந்ததை அதே ஆய்வு கண்டது. இதைக் காரணம் காட்டி ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் சரியாக மூட அந்தச் சத்து தேவை. கருத்தரித்த நான்கே வாரங்களில் அந்தக் குழாய் மூடிவிடுவதால், மாத்திரையைக் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீர், காபியோடு சேர்த்து விழுங்காமல், எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் போன்றவற்றோடு எடுத்துக்கொள்வது நல்லது.

பிறந்த பிறகு வரும் இரண்டு ஆண்டுகளும் இதே கணக்கில்தான் சேர்கின்றன. கருவில் 270 நாள், பிறகு 730 நாள், ஆக ஆயிரம் நாள் என்கிறார்கள். இந்தக் கட்டத்தில் என் வீட்டில் நடந்த முதல் சண்டை சேனை வைப்பதைப் பற்றியது. பெரியவர் ஒருவர் விரலால் சீனித்தண்ணீரையோ தேனையோ தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தால், அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்து. சீம்பாலுக்கு முன்னால் வேறு எதுவும் தேவையும் இல்லை. என் அப்பாவின் குணம் வராமல் போனால் போகட்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

சீனி விஷயத்தில் இந்தப் பிடிவாதம் வீண் இல்லை என்பதற்குப் பிறகு ஒரு சான்று கிடைத்தது. பிரிட்டனில் போர்க்காலத்தில் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில் முடிந்ததும், மக்கள் உண்ணும் சர்க்கரை கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னும் கருவானவர்களை ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வில், கருவிலும் தொடக்க ஆண்டுகளிலும் பங்கீட்டுக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடும், உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 விழுக்காடும் குறைவாக இருந்தது தெரிந்தது. பாலில் நனைத்த பிஸ்கட்டைக் குழந்தை உணவாக நினைக்கும் நம் வீடுகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். என் மகளுக்கு ஆறு மாதம் முழுக்கத் தாய்ப்பால் மட்டும், பிறகு குழைந்த பருப்புசாதம், மசித்த முட்டை, கீரை, வாழைப்பழம் என்று கொடுத்தேன். இரண்டு வயது வரை தாய்ப்பாலும் தொடர்ந்தது.

என் அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் உனக்குச் சர்க்கரை வந்தது என்னாலா?" என்று கண் கலங்கினார். இந்த ஆய்வுகள் கூட்டத்தைப் பற்றிச் சொல்பவை, தனி ஒருவரின் தலையெழுத்தைச் சொல்பவை அல்ல என்று விளக்கினேன். தட்டில் எவ்வளவு சோறு விழ வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை அன்றைக்கு அவரிடம் இருக்கவும் இல்லை.

உங்களுக்கும் கர்ப்ப காலச் சர்க்கரை இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். பிரசவமானதும் அளவு இறங்கிவிட்டது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆறாவது வாரத்தில் மீண்டும் ஒருமுறை குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும், அதன் பிறகும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஆண்டுதோறும் மகளின் பிறந்தநாள் வாரத்தில் போய்ப் பார்த்துவிடுகிறேன். தேதி நினைவில் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது.