கிளட்ச்ல இருந்து ஸ்டெப்னி வரைக்கும்: கார் பத்தி கேளுங்க, சொல்றேன்

ஒர்க்‌ஷாப்ல பல வருஷம் கை கருப்பாக வேலை பாத்துட்டு அப்புறம் டிரைவிங் சொல்லிக் குடுக்க வந்தவ நான். அதனால ஓட்டுறதுலயும் கேக்கலாம், வண்டிய பாத்துக்கறதுலயும் கேக்கலாம். சின்ன சந்தேகமா இருக்கேன்னு யாரும் தயங்காதீங்க, பெரிய செலவுல கொண்டுபோய் விடுறது பூரா கேக்காம விட்ட சின்ன சந்தேகம்தான்.

கேள்வி: அக்கா, கிளாஸ் முடிச்சு மூணு வாரம் ஆச்சு, இன்னும் சிக்னல்ல வண்டி எடுக்கும்போது ஆஃப் ஆகிடுது. பின்னாடி ஹாரன் அடிச்சா கால் நடுங்குது. என்ன தப்பு பண்றேன்?

தப்பு உங்க கால்ல இல்லமா, அவசரத்துல இருக்கு. உள்ள என்ன நடக்குதுன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க. இஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுத்து மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு, சக்கரம் அசையாம நிக்குது, இந்த ரெண்டையும் ஒண்ணா சேக்கறது கிளட்ச் பிளேட். சுத்துறதும் நிக்கறதும் ஒரே வேகத்துக்கு வர கொஞ்ச நேரம் வேணும், அந்த நேரத்த குடுக்காம கால எடுத்தா நிக்கற சக்கரம் சுத்துற இஞ்சின இழுத்து நிறுத்திடும், அவ்ளோதான் விஷயம்.

காலியா ஒரு சமதரை பாருங்க. முதல்ல சீட்ட சரி பண்ணுங்க, கிளட்ச்ச முழுசா அமுக்கினப்புறமும் முட்டி லேசா மடங்கியே இருக்கணும், கால் நேரா நீட்டிக்கிட்டு இருந்தா கண்ட்ரோல் வராது. ஃபர்ஸ்ட் கியர் போட்டு ஆக்சிலரேட்டர தொடவே வேணாம், குதிகால தரையில வச்சுக்கிட்டு கிளட்ச்ச மட்டும் துளித்துளியா விடுங்க. ஒரு இடத்துல இஞ்சின் சத்தம் கொஞ்சம் கனமாகும், பானெட் லேசா தூக்குற மாதிரி தெரியும், கால்ல சின்னதா ஒரு அதிர்வு வரும், வண்டி நகர ஆரம்பிக்கும். அங்கயே கால நிறுத்துங்க. முக்கால்வாசி பேர் தப்பு பண்றது இந்த இடத்துலதான், வண்டி நகந்துடுச்சுன்னு சந்தோஷத்துல உடனே கால எடுத்துடுவாங்க, டக்குன்னு ஆஃப் ஆகிடும். ஒண்ணு ரெண்டுன்னு மனசுல எண்ணிட்டு அப்புறம் மிச்சத்த விடுங்க. இதையே ஒரு இருபது முப்பது தடவ பண்ணுங்க, ஹாரன் சத்தம் கேட்டாலும் கால் தானா அந்த இடத்த கண்டுபிடிக்கும். செருப்ப கழட்டிட்டு மெல்லிசான சோல் இருக்கற ஷூ போடுங்க, அந்த அதிர்வு நல்லா தெரியும்.

கேள்வி: மேட்டுல நிறுத்தி எடுத்தா பின்னாடி உருளுது, பயமா இருக்கு.

ஹேண்ட்பிரேக் எதுக்கு இருக்கு. ஹேண்ட்பிரேக்க இழுத்து வச்சுட்டு, லேசா ஆக்சிலரேட்டர் குடுத்து, மேல சொன்ன அந்த பாயிண்டுக்கு கிளட்ச்ச கொண்டு வாங்க, வண்டி முன்னாடி போக முட்டுற மாதிரி தெரியும், அப்ப ஹேண்ட்பிரேக்க இறக்குங்க. ஒரு அங்குலம் கூட பின்னாடி போகாது. புது வண்டிங்க பலதுல ஹில் ஹோல்ட் இருக்கு, பிரேக்குல இருந்து கால எடுத்தாலும் ரெண்டு செகண்ட் மாதிரி பிடிச்சு வச்சிருக்கும், ஆனா அத நம்பியே பழகிட்டா அது இல்லாத வண்டிய எடுக்கற அன்னிக்கு திண்டாடுவீங்க.

கேள்வி: டிராஃபிக்ல கிளட்ச் மேல காலை வச்சே ஓட்டுறேன், ஒரு நண்பர் பிளேட் போயிடும்ங்கறார். லேசா வச்சா கூடவா?

லேசா வச்சா கூடத்தான் தம்பி. கால் கனமே போதும், பிளேட் முழுசா பிடிக்காம தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும், கிளட்ச்ச விடுவிக்கற ரிலீஸ் பேரிங்கும் சும்மா சும்மா சுத்தி கெட்டுப்போகும். கியர் மாத்தி முடிச்சதும் காலை பக்கத்துல இருக்கற மேடையில வைங்க, அதுக்குத்தான் அத போட்டிருக்காங்க. பிளேட் போயிடுச்சான்னு நீங்களே பாக்கலாம்: மூணாவது நாலாவது கியர்ல போகும்போது ஆக்சிலரேட்டர நல்லா மிதிங்க, இஞ்சின் சுத்துற வேகத்த காட்டற ஆர்பிஎம் முள்ளு மட்டும் சர்ருன்னு ஏறி வேகம் ஏறலன்னா ஸ்லிப் ஆகுதுன்னு அர்த்தம். கருகின வாசனையும் வந்தா தள்ளிப்போடாதீங்க.

கேள்வி: இறக்கத்துல நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சம்தானே? அப்பா காலத்துல இருந்து எங்க வீட்ல இப்படித்தான்.

இத கேட்டதுக்கு நன்றி, நான் கோபமா பேசுற ஒரே விஷயம் இதுதான். அப்பா ஓட்டினது கம்ப்யூட்டர் இல்லாத கார்புரேட்டர் வண்டி. இப்ப வர்ற, கம்ப்யூட்டர் எரிபொருள அளந்து பீச்சுற இன்ஜெக்‌ஷன் வண்டியில கியர்லயே இருந்து ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா, இறக்கத்துல சக்கரமே இஞ்சின சுத்த வைக்கும், கம்ப்யூட்டர் எரிபொருள அப்படியே நிறுத்திடும். நியூட்ரல் போட்டா இஞ்சின் தானா ஓடணும், அதுக்கு எரிபொருள் வேணும். ஆக மிச்சம் பிடிக்கறதா நெனச்சு செலவுதான் பண்றீங்க.

அதவிட முக்கியம் பிரேக். கியர்ல இல்லாத வண்டிய தாங்கறது பூரா பிரேக் மட்டும்தான், நீளமான இறக்கத்துல அது சூடாகி சூடாகி ஒரு கட்டத்துல பிடிக்காது. ஒருதடவ மலை இறங்கி வந்த வண்டி ஒண்ணு எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்துச்சு, சக்கரத்த கழட்டிப் பாத்தா சக்கரத்தோட சுத்துற பிரேக் டிஸ்க் நீலம் பாரிச்சுப் போயிருந்துச்சு, அத அழுத்திப் பிடிக்கற பேட் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. ஓட்டினவர் கடைசி வளைவுல பிரேக் பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிக்கலன்னு சொன்னார், குடும்பத்தோட வந்திருந்தார். எந்த கியர்ல ஏறுவீங்களோ அந்த கியர்லயே இறங்குங்க, பிரேக்க விட்டு விட்டு பிடிங்க, காலை அதுலயே ஊன்றி வைக்காதீங்க.

கேள்வி: திடீர்னு பிரேக் அடிச்சப்ப பெடல் கடகடன்னு காலை தள்ளுச்சு. பயந்து காலை எடுத்துட்டேன். ரிப்பேரா?

ரிப்பேர் இல்ல, ஏபிஎஸ் வேலை செஞ்சிருக்கு. சக்கரம் லாக் ஆகாம இருக்க அதுவே செகண்டுக்கு பல தடவ பிரேக்க விட்டு பிடிக்குது, அந்த உதறல்தான் கால்ல தெரியுது. அடுத்த தடவ காலை எடுக்காதீங்க, விட்டு விட்டும் அமுக்காதீங்க, முழு பலத்தோட மிதிச்சு வச்சுக்கிட்டு ஸ்டீயரிங்க திருப்புங்க. ஏபிஎஸ் குடுக்கற பெரிய லாபமே அந்த நேரத்துல வண்டிய திருப்ப முடியறதுதான். மணல், ஜல்லி ரோட்ல நிக்கற தூரம் கூட கொஞ்சம் கூடலாம், அதனால இடைவெளி விட்டே போங்க.

கேள்வி: மழையில கண்ணாடி உள்பக்கம் பனி மாதிரி மூடுது, துணியால தொடச்சுக்கிட்டே ஓட்டுறேன்.

துணி வேணாம், ஓட்டும்போது கை அங்க போகவே கூடாது. ஏசிய போட்டு காத்த முன் கண்ணாடி பக்கம் திருப்புங்க, வெளிக்காத்து உள்ள வர்ற மாதிரி வைங்க. ஏசி காத்துல இருக்கற ஈரத்த எடுத்துடும். உள்காத்தே சுத்துற பட்டன் போட்டிருந்தா உங்க மூச்சுல இருக்கற ஈரமே திரும்பத் திரும்ப கண்ணாடியில படியும்.

கேள்வி: சைடு மிரர எவ்ளோ திருப்பி வைக்கணும்? என் வண்டி பாதி தெரியுது அதுல.

உங்க வண்டிய நீங்க பாத்து என்ன பண்ணப் போறீங்க, பக்கத்துல வர்றவனதான் பாக்கணும். ஓரத்துல மயிரிழை தெரிஞ்சா போதும், மிச்சம் ரோடு. அப்படி வச்சாலும் லேன் மாறும்போது தலைய ஒரு தடவ தோள் பக்கம் திருப்பிப் பாருங்க.

கேள்வி: மேடம், சர்வீஸ் விடுறது தவிர வீட்ல நாங்களா என்னென்ன பாக்கணும்? எனக்கு பானெட் திறக்கவே பயம்.

பானெட்ல பயப்பட ஒண்ணும் இல்ல, சூடா இருக்கும்போது மட்டும் கை வைக்காதீங்க. வாரம் ஒருதடவ பத்து நிமிஷம் போதும். சமதரையில நிறுத்தி, இஞ்சின் ஆஃப் பண்ணி ஒரு பத்து நிமிஷம் கழிச்சு ஆயில் அளவு பாக்கற கம்பிய, அதான் டிப்ஸ்டிக்க, உருவுங்க, தொடச்சுட்டு முழுசா உள்ள விட்டு திரும்ப எடுங்க, ரெண்டு குறிக்கு நடுவுல ஆயில் இருக்கணும். முதல்ல உருவினத பாத்து முடிவு பண்ணாதீங்க, குழாயில ஒட்டினதெல்லாம் சேந்து காட்டும். மேல் குறிய தாண்டி ஊத்தறதும் தப்பு. ஆயில் கருப்பா இருந்தா பயப்பட வேணாம், அது அழுக்க இழுத்து வச்சிருக்குன்னு அர்த்தம். ஆனா பால் கலந்த மாதிரி வெளுத்துப்போய் இருந்தா தண்ணி கலந்திருக்கலாம், ஓட்டாம காட்டுங்க.

பிரேக் ஆயில் டப்பாவ வெளிய இருந்தே பாக்கலாம். மெதுவா மாசக்கணக்குல இறங்கினா பேட் தேயுதுன்னு அர்த்தம், திடீர்னு இறங்கினா எங்கயோ ஒழுகுது. அது காத்துல இருந்து ஈரத்த உறிஞ்சும், அதனாலதான் நிறைய கம்பெனி ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ மாத்தச் சொல்றாங்க, கிலோமீட்டர் ஓடலன்னாலும்.

டயர் காத்து வண்டி ஓடறதுக்கு முன்னாடி, டயர் ஆறி இருக்கும்போது பாக்கணும். எவ்ளோன்னு டிரைவர் கதவு திறந்தா ஓரத்துல ஸ்டிக்கர்ல இருக்கும். டயர் மேலயே எழுதியிருக்கற பிஎஸ்ஐ நம்பர் அது தாங்கற உச்ச அளவு, அத பாத்து அடிக்காதீங்க. டயர் பள்ளத்துல அங்கங்க சின்ன மேடு இருக்கும், அந்த உயரத்துக்கு டயர் தேஞ்சுட்டா 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், மாத்தியே ஆகணும். வயசும் பாருங்க, டயர் பக்கத்துல நாலு இலக்கம் இருக்கும், 2319 அப்படின்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது.

கேள்வி: நேத்து டெம்பரேச்சர் முள்ளு சிவப்பு வரைக்கும் போயிடுச்சு. நிறுத்தி ரேடியேட்டர் மூடிய திறந்து தண்ணி ஊத்தலாம்னு போனேன், மனைவி தடுத்துட்டாங்க.

அவங்க உங்க முகத்த காப்பாத்தியிருக்காங்க. உள்ள அழுத்தத்துல இருக்கறதால இஞ்சின் சூட்ட ஆத்துற கூலன்ட் நூறு டிகிரிக்கு மேல போயும் கொதிக்காம இருக்கும், மூடிய திறந்த நொடியில அழுத்தம் போய் அப்படியே கொதிச்சு மேல பீச்சும். முள்ளு ஏறும்போதே ஏசிய ஆஃப் பண்ணி ஹீட்டர ஃபுல்லா வைங்க, அது இஞ்சின் சூட்ட கொஞ்சம் உள்ள இழுக்கும், வேர்த்தாலும் பரவால்ல. அப்புறம் ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணிடுங்க. கை வச்சு பாக்கற அளவுக்கு ஆறினப்புறம்தான் மூடி. சும்மா தண்ணி ஊத்தி ஓட்டுறது ஒர்க்‌ஷாப் போய் சேரற வரைக்கும் மட்டும், கூலன்ட்தான் துருப்பிடிக்காம பாத்துக்கும்.

கேள்வி: டேஷ்போர்டுல லைட் எரிஞ்சா எதுக்கு நிறுத்தணும், எதுக்கு ஓட்டலாம்?

சிவப்புன்னா நிறுத்துங்க, மஞ்சள்னா சீக்கிரம் காட்டுங்க. சிவப்புல எண்ணெய் குடுவை மாதிரி ஒண்ணு எரிஞ்சா ஒரு கிலோமீட்டர் கூட வேணாம், ஆயில் பிரஷர் இல்லாம இஞ்சின் சில நிமிஷத்துலயே பிடிச்சுக்கும். மஞ்சள்ல செக் இஞ்சின் லைட் சும்மா எரிஞ்சா மெதுவா ஓட்டிப் போய் காட்டலாம், மினுக்கு மினுக்குன்னு அடிச்சா எரியாத பெட்ரோல் வெளிய போகுதுன்னு அர்த்தம், அது புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர கெடுத்துடும், நிறுத்திடுங்க.

கேள்வி: ஆட்டோமேடிக் வண்டி, சரிவுல நிறுத்திட்டு திரும்ப எடுக்கும்போது பி-ல (பார்க்கிங்) இருந்து கியர் வரமாட்டேங்குது, டொக்குன்னு சத்தம்.

நீங்க பி போட்டதும் பிரேக்க விட்டுடறீங்க, வண்டியோட மொத்த பாரமும் கியர்பாக்ஸுக்குள்ள இருக்கற ஒரு சின்ன கொக்கி மேல விழுது. பிரேக்க மிதிச்சுக்கிட்டே நியூட்ரல் போடுங்க, ஹேண்ட்பிரேக் இழுங்க, பிரேக்க மெதுவா விட்டு வண்டி ஹேண்ட்பிரேக்குல நிக்குதான்னு பாருங்க, அப்புறம் பி. சத்தம் போயிடும்.

கேள்வி: ப்ரோ சாரி அக்கா, பஞ்சர் ஆனா நானே ஸ்டெப்னி மாத்த முடியுமா? உடம்பு ஒல்லி.

பலம் வேணாம், வரிசை தெரிஞ்சா போதும். கெட்டியான சமதரையில நிறுத்தி ஹேண்ட்பிரேக், கியர், ஹஜார்ட் லைட் போடுங்க, எதிர் மூலையில இருக்கற சக்கரத்துக்கு கல்லு வைங்க. சக்கரம் தரையில இருக்கும்போதே நட்ட அரை சுத்து தளத்துங்க, தூக்கினப்புறம் முயற்சி பண்ணா சக்கரமே சுத்தும். ஸ்பேனர பக்கவாட்டுல நீட்டி வச்சு, கைய விட உடம்பு எடையால கீழ் நோக்கி அமுக்குங்க, ஒல்லியா இருந்தாலும் வரும். ஜாக்கிய புத்தகத்துல காட்டின இடத்துல மட்டும் வைங்க, வண்டிக்கு அடியில எதுக்காகவும் உடம்ப விடாதீங்க. மாட்டும்போது நட்ட கையாலயே முடிஞ்ச வரைக்கும் சுத்திட்டு, இறக்கினப்புறம் எதிர் எதிரா மாத்தி மாத்தி முறுக்குங்க, வரிசையா முறுக்கினா சக்கரம் கோணலா உக்காரும். ஒரு ஐம்பது கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒருதடவ முறுக்கிப் பாருங்க. அப்புறம் இன்னிக்கே போய் ஸ்டெப்னில காத்து இருக்கான்னு பாருங்க, நான் பாத்த வரைக்கும் பாதி வண்டில அது சப்பையாத்தான் கிடக்கும்.